கலவை மெஷின் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த கிளட்ச் போடுவது?

வண்டி பொலேரோ பிக்கப், இரண்டரை லிட்டர் டீசல். அதற்கு வேலை, ஜல்லி, மணல் கொட்டும் ஹாப்பர் வைத்த கான்கிரீட் கலவை மெஷினைப் பின்னால் மாட்டி இழுப்பது. மேலே வைப்ரேட்டர், பலகை, சென்ட்ரிங் ஷீட் என்று தொட்டி நிறையச் சாமான் வேறு. நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கம் எங்கே ரூஃப் கான்கிரீட் என்றாலும் போகும். அப்பப்போ கொல்லிமலைக்கும் ஏறும். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. அதனால் கிளட்ச் வழுக்க ஆரம்பித்ததும் டிரைவர், மெக்கானிக், டீக்கடையில் நின்ற பக்கத்து வண்டிக்காரர் என்று எல்லோரும் மலையைத்தான் கைகாட்டினார்கள். "இழுவை வண்டிங்க, ஹெவி டியூட்டியா ஒண்ணு போட்டுருங்க" என்பதே எல்லோருடைய யோசனையும்.

கடைசியில் நான் போட்டது கம்பெனி அளவில் உள்ள சாதாரண ஆர்கானிக் செட்தான், அதாவது உரசும் பட்டை நாரும் பசையும் கலந்து செய்தது. கல்லு மாதிரி பிடிக்கும் செராமிக்கும் போடவில்லை, பெரிய வண்டியின் பிரஷர் பிளேட்டும் (கிளட்ச் பிளேட்டை இஞ்சினோடு சுற்றும் பிளைவீலில் அமுக்கிப் பிடிக்கும் தட்டு) மாற்றி மாட்டவில்லை. ஏன் அப்படி என்று சொல்வதற்குக் கழற்றுவதற்கு முந்திய கதையில் இருந்து வர வேண்டும்.

வழுக்கல் முதலில் தெரிந்தது நாலாவது கியரில். ராசிபுரம் ரோட்டில் லேசான ஏற்றம். ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. முதல், இரண்டாம் கியரில் ஒன்றும் தெரியாது. கிளட்ச் போகும்போது எப்போதும் மேல் கியரில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கீழ் கியரில் சக்கரத்துக்குப் போகும் விசையை கியர் பாக்ஸே பெருக்கிக் கொடுத்துவிடுவதால் கிளட்ச் மேல் பாரம் குறைவு. பெடலும் கிட்டத்தட்ட மேலே வந்த பிறகுதான் பிடித்தது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நாலாவது கியரில் மெதுவாக கிளட்சை விட்டுப் பார்த்தேன். நல்ல கிளட்ச் என்றால் இஞ்சின் டக்கென்று நின்றுவிட வேண்டும். இது உறுமிக்கொண்டே இருந்தது. இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யக் கூடாது. மிச்சம் இருக்கும் பிளேட்டும் அதிலேயே கருகிவிடும்.

கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் இன்னொன்றும் பார்த்துக்கொண்டேன். இந்த வண்டியில் கிளட்ச் ஹைட்ராலிக், பெடலின் அழுத்தம் ஆயில் வழியாகப் போகும். மேலே மாஸ்டர் சிலிண்டர், கீழே ஸ்லேவ் சிலிண்டர். பெடலை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தம் தேங்கி நின்றால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை லேசாக அமுக்கிக்கொண்டே இருக்கும். பிளேட் நன்றாக இருந்தாலும் வழுக்கும். மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடுக்கு இம்மியாவது விளையாட்டு, அதாவது இடைவெளி, இருக்க வேண்டும். யாராவது பெடல் உயரத்தைச் சரிசெய்கிறேன் என்று அதை இறுக்கி வைத்திருந்தால், ஆயில் திரும்பிப் போகும் சின்னத் துளை மூடிக்கொள்ளும். சோதிப்பது எளிது. பெடலில் கால் வைக்காமல் ஸ்லேவின் பிளீடர் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். ஆயில் சும்மா கசிந்தால் பரவாயில்லை. பீய்ச்சி அடித்தால் கோளாறு மேலே இருக்கிறது என்று அர்த்தம், பிளேட் வாங்கக் கடைக்குப் போக வேண்டியதே இல்லை. எனக்குச் சும்மாதான் கசிந்தது. சரி, இறக்கித்தான் ஆக வேண்டும்.

இறக்குவதில் சொல்ல அதிகம் இல்லை. பேட்டரி வயர், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், கியர் லீவர், ஸ்லேவ் சிலிண்டர், குறுக்குச் சட்டம், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட். ஸ்லேவைக் கழற்றும்போது ஹோஸைப் பிரிக்காமல் சேசிஸோடு கட்டித் தொங்கவிட்டால் பிறகு காற்று எடுக்கும் வேலை மிச்சம். புரொப்பெல்லர் ஷாஃப்டின் பிளாஞ்சில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும், திரும்ப அதே இடத்தில் சேர்க்காவிட்டால் அதிர்வு வரும். பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் கறுப்புத் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊத வந்த பையனைத் தடுத்தேன். பிளேட்டின் முகத்தில் இருக்கும் உரசும் பட்டைதான் ஃபேசிங்; பழைய ஃபேசிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும் அளவுக்கு நுண்ணியது. ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே நல்லது.

இனிதான் விஷயம். கழற்றிய பிளேட்டைத் தூக்கி இரும்புக்குப் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எந்த கிளட்ச் வாங்குவது என்பதற்கான பதில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது.

என் பிளேட்டின் இரண்டு முகமும் ஒரே மாதிரி தேயவில்லை. பிளைவீல் பக்கம் ரிவெட்டுக்கு மேல் ஃபேசிங் இன்னும் ஓரளவு இருந்தது. பிரஷர் பிளேட் பக்கம் நகத்தால் தடவினாலே ரிவெட் தலை தட்டுப்பட்டது. அந்தப் பக்க ஃபேசிங் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கருத்துப் போயிருந்தது. முகர்ந்தால் கருகிய வாடை. பிரஷர் பிளேட்டைத் திருப்பினால் இரும்பு முகத்தில் நீலமும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வட்டங்கள், அவற்றின் நடுவில் மையத்தை நோக்கி ஓடும் முடி அளவு வெடிப்புகள். ஸ்டீல் ஸ்கேலை முகத்தின் குறுக்கே நிறுத்தி ஃபீலர் கேஜ் விட்டால் உள் விளிம்பில் நுழைந்தது. தட்டு லேசாகக் குழிந்துவிட்டது என்று பொருள்.

இதெல்லாம் சூட்டின் அடையாளம். பிரஷர் பிளேட் பக்கம் மட்டும் அதிகம் வெந்ததற்கும் காரணம் உண்டு. பிளைவீல் கனமான இரும்பு, நிறையச் சூட்டை வாங்கிப் பரப்பிக்கொள்ளும். பிரஷர் பிளேட்டின் வளையம் அதைவிட மெல்லிசு, சீக்கிரம் காய்ந்துவிடும்.

வேறு காரணமாக இருந்திருந்தால் வேறு அடையாளம் இருந்திருக்கும். ஆயில் கசிந்திருந்தால் ஃபேசிங் ஈரமாகப் பிசுபிசுக்கும். அதிலும் இஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா என்று விரலில் தொட்டுப் பார்த்தே சொல்லலாம். டீசல் இஞ்சின் ஆயில் மை மாதிரி கறுப்பு. கியர் ஆயிலில் மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடை வரும். முதலாவது என்றால் கிராங்க் பின்பக்கச் சீல், இரண்டாவது என்றால் கியர் பாக்ஸ் முன்பக்கச் சீல். டிரைவர் எப்போதும் பெடல் மேல் கால் வைத்து ஓட்டுபவராக இருந்தால் பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகள் பள்ளமாகத் தேய்ந்திருக்கும், ரிலீஸ் பேரிங் சுற்றும்போது கரகரக்கும். என் பிளேட்டில் விரல்கள் சீராகவே இருந்தன. ஃபேசிங்கில் ஆயில் இல்லை. பெல் ஹவுசிங்கின் அடியில் மட்டும் லேசான கியர் ஆயில் ஈரம், அதனால் முன்பக்கச் சீலையும் மாற்றும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

ஆக, சூடு. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் புது கிளட்ச் வாங்கினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

மெக்கானிக் அண்ணன் தன் முடிவில் தெளிவாக இருந்தார். "தம்பி, செராமிக் பட்டன் பிளேட் போட்டுரலாம். டிராக்டர்ல அதுதானே ஓடுது? வழுக்குறதுக்கு வழியே இல்ல."

"அண்ணே, இஞ்சின் மாத்தலையே. அதே இஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்த கிளட்ச் இத்தனை நாள் வழுக்காம ஓடியிருக்கே?"

"அது காலி வண்டிக்குக் கொடுத்தது. நீங்க இழுவை போடறீங்க இல்ல?"

இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள் என்று நினைக்கிறேன். பின்னால் ஒரு டன் மாட்டினால் கிளட்ச் மேல் ஒரு டன் கூடுதலாக ஏறிவிடாது. கிளட்ச் வழியாக ஒரு நேரத்தில் போகும் முறுக்குவிசைக்கு மேல் எல்லை இஞ்சின்தான். இந்த இஞ்சின் தருவது 200 நியூட்டன் மீட்டர் அளவில். பின்னால் எதைக் கட்டினாலும், ஓட்டத்தில் அதற்கு மேல் அதால் தர முடியாது.

கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பார்க்கலாம். பிளேட்டை அமுக்கும் விசை, உராய்வு எண், சராசரி ஆரம், இரண்டு முகம், நான்கையும் பெருக்கினால் தாங்கும் முறுக்குவிசை வந்துவிடும். கணக்குக்காக 240 எம்எம் பிளேட், சராசரி ஆரம் 9.5 செமீ, அமுக்கம் 500 கிலோ, ஆர்கானிக் ஃபேசிங்கின் உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால் 280 நியூட்டன் மீட்டர் வருகிறது. இஞ்சின் கொடுப்பதைவிட 40 சதவீதம் கூடுதல். கிளட்ச் வடிவமைப்பவர்கள் இப்படி ஒரு கையிருப்பு விட்டுத்தான் செய்வார்கள்.

ஏற்றத்தில் கிளம்பும்போது என்ன தேவை? சாமானோடு வண்டி 3 டன், மெஷின் 1.2 டன், பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவு. இழுக்க வேண்டியது 420 கிலோ. டயர் ஆரம் 34 செமீ என்றால் சக்கரத்தில் 1400 நியூட்டன் மீட்டர் வேண்டும். முதல் கியரும் டிஃபரென்ஷியலும் சேர்ந்து 16 மடங்கு குறைக்கின்றன என்று வைத்தால், கிளட்சில் வேண்டியது வெறும் 88. கிளம்ப வேகம் எடுப்பதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் 280-ஐத் தொடவே தொடாது.

ஆக, நல்ல நிலையில் இருக்கும் சாதாரண கிளட்சே என் வண்டிக்குப் பிடிப்பில் போதும். பிடிப்பை இன்னும் கூட்டினால் கிடைப்பது ஒன்றுமில்லை. கிளட்சைக் கொல்வது முறுக்குவிசை இல்லை, முழுதாகப் பிடிப்பதற்கு முன் அது எவ்வளவு நேரம் வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்பதுதான்.

அதையும் கணக்குப் போடலாம். அரை கிளட்சில், அதாவது பெடலைப் பாதி விட்ட நிலையில், இஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றுகிறது, வண்டி ஊர்கிறது, இரண்டுக்கும் இடையில் 900 சுற்று வித்தியாசம். கிளட்ச் வழியே 70 நியூட்டன் மீட்டர் போகிறது. அப்படியென்றால் பிளேட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் பிறக்கும் சூடு ஆறரை கிலோவாட். வீட்டுக் குளியலறையில் இருக்கும் கீஸர் மூன்றை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இரும்புக்குள் வைத்துச் சேர்ந்தாற்போல் போட்ட மாதிரி. அரை நிமிடம் இப்படி ஊர்ந்தால், பாதிச் சூடு பிரஷர் பிளேட்டுக்குப் போகிறது, அதன் வளையம் 3 கிலோ என்று வைத்தால், வெப்பநிலை ஒரே மூச்சில் 70 டிகிரி ஏறும். ஆறவிடாமல் நாலு தடவை செய்தால் 300 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஆர்கானிக் ஃபேசிங்கின் பசை வேகத் தொடங்கிவிடும், பிடிப்பு குறையும், குறைந்தால் இன்னும் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு.

இப்போது மலைக்கு வருவோம். கொல்லிமலையில் 70 வளைவு என்றாலும் ஒவ்வொன்றிலும் நிற்பதில்லை. முதல் கியரில் கிளட்ச் முழுதாக விட்டபடியே திரும்பி ஏறலாம். எதிரில் பஸ் வந்தால் நிற்க வேண்டும், கிளம்ப வேண்டும். அது இரண்டு மூன்று விநாடி வழுக்கல், பத்துப் பதினைந்து டிகிரி. அடுத்த வளைவு வருவதற்குள் ஆறிவிடும். மலையில் இஞ்சின் சூடாகும், இறங்கும்போது பிரேக் சூடாகும். கிளட்சுக்கு மலை அவ்வளவு பெரிய எதிரி இல்லை.

எதிரி சமதளத்தில் இருந்தது. கட்டிட வேலை நடக்கும் மனைக்குள் மெஷினை ரிவர்ஸில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவது. ஹாப்பர் மெஷினுக்கு நாலு சக்கரம், இழுவைக் கம்பியோடு முன் அச்சு திரும்பும். இரண்டு சக்கர டிரெய்லரைப் பின்னால் தள்ளுவதே வித்தை. இதில் ஒடியும் இடம் இரண்டு. நாலடி போனதும் கம்பி ஒரு பக்கமாக மடங்கிக்கொள்ளும். திரும்ப முன்னால் இழுத்து நேராக்கி, மறுபடி ரிவர்ஸ். கீழே எம்-சாண்டும் ஜல்லியும் கொட்டிய தரை. மெஷினின் சின்னச் சக்கரம் அதில் புதையும். டிரைவர் அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும், அரை கிளட்சைத் தவிர வேறு வழியே இல்லை. ஒரு மனையில் மெஷினை இடம் பார்த்து நிறுத்துவதற்குள் கிளட்ச் வாங்கும் சூடு, கொல்லிமலை ஏறி இறங்குவதைவிட அதிகம். டிரைவரிடம் கேட்டேன், வாடை எங்கே வரும் என்று. "மலையில வராதுங்க. மெஷினைச் செட் பண்றப்பத்தான் வரும்" என்றார். இதை யாரும் அவரிடம் முன்பு கேட்டதில்லை.

இந்தத் தகவலோடு கடைக்குப் போனால் தேர்வு எளிதாகிவிடும்.

செராமிக் முதலில் அடிபட்டது. அதற்கு இரண்டு நல்ல குணம் உண்டு: உராய்வு எண் அதிகம், அதிகச் சூட்டையும் தாங்கும். சூடுதானே பிரச்சினை, அப்போ அதுதானே சரி என்று தோன்றும். ஆனால் செராமிக்குக்கு அரை கிளட்ச் என்ற நிலையே கிடையாது என்று சொல்லலாம். பிடித்தால் பிடித்ததுதான். மனைக்குள் அங்குலக் கணக்கில் நகர்த்தும்போது வண்டி வெட்டி வெட்டி உதறும். அந்த உதறலை முழுக்க வாங்குவது புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் யூ.ஜே. கிராஸ், கியர் பாக்ஸ் மவுண்டிங், டிஃபரென்ஷியல் பல். அதோடு பிளேட் சூட்டைத் தாங்கினாலும் அதே சூடு பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் போகத்தான் போகிறது. அவை அதே வார்ப்பிரும்புதான். டிராக்டருக்கு அது பொருந்துவதற்குக் காரணம், அங்கே மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகவே கியர் இருக்கிறது. அரை கிளட்சில் ஊர வேண்டியதில்லை.

அடுத்தது, பெரிய வண்டியின் பிரஷர் பிளேட்டை அதன் கவரோடு மாற்றி மாட்டி அமுக்கத்தைக் கூட்டும் யோசனை. பெடல் கல்லாகும் என்பது தெரிந்த விஷயம். தெரியாத விஷயம், பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்தக் கூடுதல் விசை கிராங்க் ஷாஃப்டை முன்னால் தள்ளுகிறது என்பது. அதைத் தாங்குவது த்ரஸ்ட் வாஷர். சிக்னலில் கியரில் போட்டு கிளட்சை மிதித்தபடியே நிற்பவர் கையில் வண்டி இருந்தால் அது தேய்ந்து, கிளட்ச் செலவு இஞ்சின் செலவாக மாறும்.

வெளிநாட்டு வீடியோக்களில் இழுவை பிக்கப் என்றாலே இரட்டை பிளேட், கெவ்லார் என்று போடுகிறார்களே என்றும் ஒரு நண்பர் கேட்டார். அங்கே பேசப்படும் வண்டியே வேறு. 2006 மாடல் டாட்ஜ் ராமில் இருக்கும் 5.9 லிட்டர் கம்மின்ஸ் தருவது 610 பவுண்ட்-அடி, அதாவது 827 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் டியூனிங்கும் செய்து, பின்னால் ஐந்தாறு டன் கட்டுகிறார்கள். அங்கே பிடிப்பே பற்றாக்குறை, அதனால் இரட்டை பிளேட் நியாயம். அந்த வண்டிகளில் வரும் இரட்டை நிறை பிளைவீலை எடுத்துவிட்டுச் சாதாரணமானதைப் போடலாமா என்ற விவாதமும் அங்கே ஓயாமல் நடக்கிறது; போட்டால் நியூட்ரலில் கியர் பாக்ஸ் கடகடக்கும். நம்மூரிலும் புது மாடல் வண்டிகள் சிலவற்றில் இரட்டை நிறை பிளைவீல் வருகிறது. அப்படி இருந்தால் லேத்துக்குக் கொண்டு போகக் கூடாது. உள்ளே ஸ்பிரிங் வைத்த அமைப்பு அது, போனால் மாற்றத்தான் வேண்டும்.

மிச்சம் இருந்தது மூன்று. பழைய பிளேட்டுக்கே புது ஃபேசிங் வைத்து ரிவெட் அடித்து வாங்குவது, பிளேட் மட்டும் புதிது வாங்குவது, முழு செட் வாங்குவது.

ஃபேசிங் மாற்றும் பட்டறை நாமக்கல்லில் தேடித் திரிய வேண்டியதில்லை, லாரி ஊர். முழு செட்டின் விலையோடு பார்த்தால் செலவு கொசுறுதான். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு நானே அதைச் சொல்லியிருப்பேன். ஆனால் என் பிளேட்டின் இரண்டு ஃபேசிங்குக்கும் நடுவில் இருக்கும் அலை அலையான மெல்லிய தகடு அமுங்கித் தட்டையாகிவிட்டது. குஷன் என்பார்கள். அரை கிளட்சில் மெதுவாகப் பிடிக்க வைப்பதே அந்தத் தகடுதான், எனக்கு வேண்டியதும் அதேதான். அதிர்வை வாங்கிக்கொள்ள நடுவில் இருக்கும் டேம்பர் ஸ்பிரிங்குகளும் அவற்றின் ஜன்னலில் ஆடின. கையில் வைத்துக் குலுக்கினால் சலங்கைச் சத்தம். புது ஃபேசிங் இதையெல்லாம் சரிசெய்யாது.

பிளேட் மட்டும் மாற்றினால் குழிந்த பிரஷர் பிளேட்டின் மேல் புதுப் பிளேட் விளிம்பில் மட்டும் பட்டுக்கொண்டிருக்கும். படும் பரப்பு குறைந்தால் அந்த இடத்தில் சூடு குவியும். பிரஷர் பிளேட்டை அமுக்குவது டயஃப்ரம் ஸ்பிரிங்; சூடு கண்ட பிறகு அதன் அமுக்கத்தையும் நம்ப முடியாது. ஆகவே முழு செட்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். மூன்றும் ஒரே கம்பெனியில்.

எந்தக் கம்பெனி என்பதில் நான் அதிகம் யோசிக்கவில்லை. லுக் (LuK) கிளட்ச் நமக்குப் பக்கத்தில் ஓசூரில் தயாராகிறது, வேலியோவுக்குச் (Valeo) சென்னைப் பக்கம் ஆலை இருக்கிறது. வண்டிக் கம்பெனிக்கே கொடுக்கும் இப்படிப்பட்ட தயாரிப்பாளர் ஒருவருடையது, பில்லோடு, அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் கிடைத்தால் போதும் என்று இருந்தேன். கிடைத்தது ஓசூர் செட். யோசிக்க வேண்டியது போலியைப் பற்றி. முதலில் போன ஒரு கடையில் பெட்டி அச்சு அசலாக இருந்தது. உள்ளே பிளேட்டில் பார்ட் நம்பர் பொறிக்கவே இல்லை, ஒரு ரிவெட்டின் வாய் ஒழுங்காக மடியாமல் பிளந்திருந்தது, ஃபேசிங்கின் ஓரம் விரல் பட்டாலே பொடியானது. விலை குறைவுக்கான காரணம் புரிந்தது, வந்துவிட்டேன்.

ஒரே பெயரில் ஓடும் வண்டியிலும் வருடத்துக்கு வருடம் பிளேட் அளவும், அதன் நடுவில் ஷாஃப்டோடு கோக்கும் ஸ்ப்ளைன் பற்களும் மாறலாம். பழைய பிளேட்டைக் கையோடு எடுத்துப்போய் விட்டத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் ஒத்துப் பார்த்த பிறகே காசு கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் கியர் பாக்ஸ் ஷாஃப்டில் மாட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது.

பிளைவீல் லேத்துப் பட்டறைக்குப் போனது. நீலத் திட்டும் வெடிப்பும் போகும் அளவுக்கு மட்டும், எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு. இங்கே லேத்துக்காரரிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். பிளேட் உரசும் முகமும், கவர் போல்ட் ஆகும் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே சீவ வேண்டும். படி வைத்த வீல் என்றால் படியின் ஆழத்தை முதலில் அளந்து எழுதிக்கொண்டு, சீவிய பிறகும் அதே ஆழம் வரும்படி இரண்டு முகத்திலும் எடுக்க வேண்டும். உரசும் இடத்தை மட்டும் அரைத்துக் குழியாக்கினால், புதுப் பிரஷர் பிளேட்டின் அமுக்கம் மாட்டும்போதே குறைந்துவிடும். புது செட் போட்டும் ஆறு மாதத்தில் வழுக்குகிறது என்று புலம்பும் வண்டிகளில் சிலவற்றுக்கு நோய் இதுதான்.

கிராங்க் நுனியில் இருக்கும் பைலட் பேரிங்கையும் மாற்றினேன். கைக்கு எட்டும் விலைதான். அதை விட்டுவிட்டு பிற்பாடு அதற்காக மறுபடி கியர் பாக்ஸ் இறக்குவது கொடுமை. கியர் பாக்ஸ் முன்பக்கச் சீலும் அப்படியே.

மாட்டும்போது பிரஷர் பிளேட், பிளைவீல் முகங்களில் இருக்கும் பாதுகாப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். ஸ்ப்ளைனில் சூடு தாங்கும் கிரீஸ், விரல் நுனியில் தொட்டு ஒரு பூச்சு மட்டும். மிச்சத்தை வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றும்போது சிதறி ஃபேசிங்கில் விழும். பிளேட்டை நடுவில் நிறுத்த பட்டறையில் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று வைத்திருந்தார்கள். கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒரு சுற்று இரண்டு சுற்றாக முடுக்க வேண்டும். ஒரு பக்கமே முடுக்கினால் கவர் தகடு வளையும், பிறகு பெடலை விட்டால் உதறும். எம்8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் ரெஞ்சால் முடித்தோம். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் ஷாஃப்ட் வழியாகப் பிளேட்டில் தொங்கவே கூடாது. ஜாக்கியில் மட்டம் பார்த்து, பெல் ஹவுசிங் தானாக வந்து உட்கார வேண்டும். போல்ட்டைப் போட்டு இழுத்து உட்கார வைத்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துபோகும்.

ஃபேசிங் உட்காரும் வரை, ஐந்நூறு கிலோமீட்டர் வாக்கில், மெஷினை மாட்டாமல் சாமான் மட்டும் ஏற்றி ஓட்டச் சொன்னேன். வாடகைக்கு அந்த நாட்களில் டிராக்டர் பிடித்தோம். ஆரம்பத்தில் லேசான வாடை வந்தது. புதுசுக்கு அது இருக்கும், தானாகப் போய்விட்டது.

ரிவர்ஸ் பிரச்சினைக்குத் தனியாக ஒரு வேலை செய்தோம். வண்டியின் முன்பக்கத்தில் ஒரு கொக்கி. படகு இழுப்பவர்கள், ஜெனரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் சிலர் இப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன். மனை வாசலில் மெஷினைக் கழற்றி, வண்டியைத் திருப்பி, முன்கொக்கியில் மாட்டி முன்னோக்கித் தள்ளுவது. கம்பி எந்தப் பக்கம் மடங்குகிறது என்று டிரைவர் கண்ணாலேயே பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பலாம், முன்னும் பின்னுமாக இழுபறி இல்லை. சேசிஸில் வெல்டிங் வைக்கவில்லை. இழுவை வளையத்துக்கு ஏற்கெனவே இருந்த போல்ட் ஓட்டைகளில் பத்து எம்எம் பிளேட் வைத்து முடுக்கியதுதான். மணல் தரையாக இருந்தால் மெஷின் சக்கரத்துக்கு அடியில் இரண்டு சென்ட்ரிங் பலகை போட்டுக்கொள்கிறார்கள்.

இப்போது பெடல் பாதி வழியில் பிடிக்கிறது, மிதிக்க லேசாக இருக்கிறது. சாமானும் மெஷினுமாகக் கொல்லிமலை போய் வந்தாயிற்று, வாடை இல்லை. பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சின்ன ஓட்டையில் ஆயில் சொட்டு தெரிகிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டிரைவருக்கு மட்டும் ஒரு குறை: மழை நாளில் சேற்றில் இறங்கி மெஷினைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறதாம். கொக்கியில் மாட்டும் பின்னை (pin) எடுக்கச் சிரமமாக இருக்கிறது, கைப்பிடி வைத்த பின்னாக மாற்றித் தரச் சொல்கிறார். அது லேத்தில் சொல்லியிருக்கிறது.